இறங்குகிற கோடு

போன ஆடி மாதம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் பெரிய பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். வாயைப் பிளந்து கத்துகிற ஓர் ஆணின் தலை, வாயிலிருந்து புறப்படும் சிவப்பு முக்கோணம், அதற்குள் சாய்வாக 'அதிரடித் தள்ளுபடி'. என்னோடு வந்திருந்த, விவசாயக் கூலிகள் சங்கத்தில் வேலை பார்க்கும் தமிழரசி, "பெரிம்மா, சங்க ஆபீசுல நீங்க போட்ட பழைய போஸ்டர் ஒண்ணு மாட்டியிருக்குதே, அதே மாதிரி கீது பாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே போன்ற ஒரு தலையை வெட்டி ஒட்டி மலையில் ஓர் ஊரையே மிரள வைத்தவள் நான் என்று அவளிடம் சொன்னேன். அவள் விடவில்லை. சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள்.

சங்கராபுரத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. கல்யாணப் பத்திரிகை மடிக்கச் சேர்ந்து, பிறகு எழுத்துக் கோக்கக் கற்றேன். ஈய எழுத்தை இடம் வலம் மாற்றிப் படித்துப் பழக ஒரு வருடம் ஆனது. அதன் பிறகு பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிக்கத்தான் தடுமாற்றம்.

என்னைப் போஸ்டர் வேலைக்கு இழுத்தவர் தணிகாசலம் சார். நைனார்பாளையத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை பஸ்ஸில் குடையும் துணிப்பையுமாக வந்து இறங்குவார். விவசாயக் கூலிகளின் சங்கத்துக்கு எங்கள் அச்சகத்தில்தான் எல்லா வேலையும் நடக்கும். அதற்குப் படம் போட்டுக் கொடுப்பவர் அவர். அந்த நாளில் ரஷ்யாவிலிருந்து தமிழில் வந்த வழவழப்பான பத்திரிகைகளை ஊரே பாடப் புத்தகத்துக்கு அட்டை போட வாங்கும். சார் மட்டும் உள்ளே வந்திருந்த புரட்சிக் காலத்துப் போஸ்டர் படங்களைக் கத்தரித்துப் பையில் சேர்த்து வைத்திருந்தார். வட்டம், முக்கோணம், சாய்ந்த கோடு, செங்கல் மாதிரி எழுத்து. பூ, கொடி, அலங்காரம் ஒன்றும் கிடையாது.

"இது வரையறது இல்ல வசந்தா, கட்றது" என்பார். "கொத்தனாரு செவுரு எடுக்கிறாப்பல. ஒரு கல்ல உருவுனா மொத்தமும் சாயணும். சாயலன்னா அந்தக் கல்லு தேவையில்ல, எடுத்துடு."

தரையில் விரிக்கிற லினோலியம் துண்டுகள் பாண்டிச்சேரியிலிருந்து வரும். வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகி, உளிக்கு வெண்ணெயாக வழிவிடும். சார் வரைந்த தாளை அதன்மேல் கவிழ்த்துப் படத்தை இறக்கி, தேவையில்லாத இடத்தையெல்லாம் நான் தோண்டி எடுப்பேன். சிவப்புக்கு ஓர் அச்சுக்கட்டை, கறுப்புக்கு ஒன்று. அச்சு மெஷினில் முதலில் சிவப்பு ஓடும். தாள்களைக் கொடியில் காயப்போட்டு எடுத்து, அதன்மேல் கறுப்பை ஓட்டுவோம். "மூணாவது கலரு பேப்பர்லயே கீது, அதத் தொடாத விட்டாலே போதும்" என்பார் சார்.

எழுத்துதான் அவருக்குப் பெரிய போராட்டம். ரஷ்யாக்காரன் எழுத்தைச் சதுரமாக்கலாம், நம் எழுத்து முழுக்கச் சுழி. 'ண'வின் சுழிகளைப் பெட்டி பெட்டியாக்கிவிட்டார். 'இ' மட்டும் கடைசி வரை அவருக்கு அடங்கவில்லை. அதனால் அந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தையைப் போஸ்டரில் சேர்க்கவே மாட்டார்.

நன்றாக இருக்கிறது, இல்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தாள் ஓடி வந்ததும் அதை அச்சகத்துச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு, பார்வையை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து ரோட்டைக் கடப்பார். டிரைவர்கள் திட்டுவார்கள். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து "ஓட்டு" என்றால் சரி. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து. "நிக்கிறவனுக்கு நோட்டீஸ், போறவனுக்குப் போஸ்டர். பஸ்ஸுல போறவன் திரும்பிப் பாக்கலன்னா நாம பேப்பர வீணாக்கறோம்" என்பார்.

ஓர் அறுவடைக் காலத்தில் சங்கத்துக்காக 'கூலி' என்ற ஒரே வார்த்தையைக் கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி போட்டோம். அடியில் குனிந்து அறுக்கிற பெண்கள், வரிசையாகக் கறுப்பு வளைவுகள். அவ்வளவுதான். பஸ்ஸில் போன பெண்கள் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன். அடுத்த வாரம் நிலக்காரர்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, அதே மாதிரி தங்களுக்கும் ஒரு போஸ்டர் வேண்டும் என்றார். அச்சக முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குக் கோபம். சார் அமைதியாகச் சொன்னார். "செய்யலாம். அவங்க சொல்றதுக்கு எத்தினி வார்த்த வேணும்னு மட்டும் பாரு." மழை பொய்த்தது, உரம் ஏறியது, ஆள் கிடைக்கவில்லை என்று பக்கம் முழுக்க எழுதி வந்தார்கள். எந்த வார்த்தையையும் எடுக்க விடவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நிற்கவில்லை. கடைசியில் நோட்டீஸாகத்தான் போனது.

இந்தப் பெருமையெல்லாம் எங்கள் இருவருக்கும் தலையில் ஏறியிருந்த நேரத்தில்தான் மலை வேலை வந்தது.

கல்வராயன் மலையில் தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்த நிலத்துக்கு ஜனங்களிடம் காகிதம் கிடையாது. கீழே இருந்த ஒரு புளி வியாபாரி, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவு முழுவதும் தன் அனுபவத்தில் இருப்பதாக மனுக் கொடுத்திருந்தார். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். பயிர் செய்கிறவர்கள் நேரில் வந்து பெயர் சொன்னால் ஏட்டில் ஏற்றுவார்கள். வராவிட்டால் வியாபாரி சொன்னதே நின்றுவிடும். சங்கத்து ஊழியர் கலியன் அண்ணன் ஒற்றை ஆளாக மலையில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்.

"நான் ஒருத்தன் எத்தினி ஊருக்குத்தான் போவேன் சார்? எனக்குப் பதிலாப் பேசறாப்பல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று கேட்டார்.

பேசுகிற போஸ்டர் என்றதும் சாருக்குப் பையிலிருந்த படங்கள் ஞாபகம் வந்தன. தாள் முழுக்க ஒரு தலை. கழுத்தோடு முடிந்துவிடும். வாய் அகலத் திறந்திருக்கும். அதிலிருந்து குரல் சிவப்பு முக்கோணமாக விரியும். உள்ளே 'நேரில் வா'. நான் வெட்டியவற்றிலேயே சுத்தமான வேலை அது. சார் ரோட்டைக் கடந்து பார்த்துவிட்டு வந்து, உடனே "ஓட்டு" என்றார்.

ஒட்டின நான்காம் நாள் கலியன் அண்ணன் அச்சகத்துக்குள் வந்து, உட்காராமல் நின்றார்.

"சார், ஜனம் மெரண்டு கீது. போஸ்டர் ஒட்டுன பலா மரத்துப் பக்கமே யாரும் போவல. ஆடுங்களக்கூட வேற வழியா ஓட்டிக்கினு போறாங்க."

"இன்னாத்துக்கு?"

"தலய வெட்டி வெச்சிக் கீதாம். வாயில ரத்தமாம். அந்த வியாபாரியோட ஆளு ஒருத்தன் நம்ம போஸ்டரயே காட்டி, 'தாலுகா ஆபீசுக்குப் போனா இதான் கதின்னு சர்க்காரே ஒட்டிட்டாங்க பாருங்க'ன்னு சொல்லிக்கினு திரியறான்."

சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. என் கையில் உளி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். சார் குடையை எடுத்துக்கொண்டு, "வசந்தா, கச்சிராயபாளையம் பஸ்ஸு எப்ப?" என்றார்.

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு லாரியில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். அறுபதைத் தாண்டிய சார், எங்கும் உட்கார மறுத்துவிட்டார். அந்த ஊரில் பலா மரத்தடிக்கு எங்களோடு வரச் சம்மதித்தவர் ஒரே ஒரு பெண்தான். பெயர் சின்னபொண்ணு. நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு சரிவில் தனியாகச் சாமை விதைத்து, நாலு புளிய மரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் போஸ்டரைக் காட்டி, "இதுல உனக்கு இன்னா தெரியுது, சொல்லும்மா" என்றார்.

"தல தெரியுது."

"அது பேசற தலம்மா."

"ஒடம்பு எங்க சாமி?"

"ஒடம்பு இருக்குதுன்னு நாமளா நெனச்சிக்கணும்."

"இருந்தா நீங்க காட்டியிருப்பீங்களே" என்றார் சின்னபொண்ணு.

சார் முக்கோணத்தைத் தொட்டு, "இது ரத்தம் இல்லம்மா, அவன் கொரலு" என்றார்.

"கொரலு செவப்பா இருக்குமா சாமி? பேசறவனா இருந்தா கேக்கறவங்க நாலு பேரு எதிர்ல இருக்க மாட்டாங்களா? ஒருத்தனாத் தனியா வாயத் தொறந்தா அது அலறலு."

நான் சாரைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் போஸ்டரைக் கிழியாமல் உரித்தெடுத்தார். அதன் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, அடுப்புக்கரி கேட்டு வாங்கி, ஒரு சாய்ந்த கோடு இழுத்தார். அதன்மேல் முழு உடம்போடு ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக ஏறிப் போகிறார்கள். சங்கத்தின் எல்லாப் போஸ்டரிலும் வருகிற, மேலே போகும் கோடு.

"இப்ப?"

"இப்ப நல்லாக் கீது. எல்லாரும் வூட்டுக்குப் போறாங்க."

"வூட்டுக்கா?"

"மேல ஏறாங்களே சாமி. ஆபீசு கீழதான கீது?"

கலியன் அண்ணன் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. விசாரணை நாள் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தேதி எல்லாம் தனக்குத் தெரியாது, அமாவாசைக்கு மறுநாள் என்றால் ஊரே புரிந்துகொள்ளும் என்றார் சின்னபொண்ணு. குறுக்கு வழி காட்ட எங்களுக்கு முன்னால் தலையில் ஒரு மூட்டையோடு அவரே இறங்கினார். நான் சறுக்கிச் சறுக்கி அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். குதிகாலைச் செம்மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மூட்டை அசையாமல் இறங்கினார்.

மறுநாள் காலை சார் புதுப்படத்தோடு வந்தார். முழு உடம்புள்ள ஆட்கள். ஆனால் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மேசையில் தாளை வைத்து, "வெட்டு" என்றார்.

"சார், அந்தக்கா சொன்னாங்களே."

"கேட்டேன். ஏறுற கோடுதான் ஜெயிக்கிறவன் கோடு. அத எறக்குனா பாக்கறவன் மனசும் எறங்கிடும். முப்பது வருசமா பாத்துக்கினு வரேன், எனக்குத் தெரியாதா?"

அதுவரை அவர் கொடுத்த எதையும் நான் வெட்டமாட்டேன் என்று சொன்னதில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அவரை நோகடிக்கிறோமே என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. தாளை அவர் பக்கமே தள்ளினேன்.

"நான் வெட்ட மாட்டேன் சார். இதப் பாத்தா அவங்க வூட்லயே இருந்துடுவாங்க. நெலம் போயிடும்."

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சார் படத்தைச் சுவரில் ஒட்டினார். பின்பக்கமாக நடந்து ரோட்டைக் கடந்தார். எதிரே ஒரு சைக்கிள் கடை. அங்கே வெகு நேரம் நின்றார். கடைக்காரர் ஸ்டூல் போட்டும் உட்காரவில்லை. திரும்பி வந்தபோது குடையைச் சாய்க்கவும் இல்லை, "ஓட்டு" என்று சொல்லவும் இல்லை.

"எறங்கறவங்க விழறாப்பல இருக்கக் கூடாது. எப்பிடிப் பண்ணுவ?"

"குதிகால ஊணி, ஒடம்பப் பின்னால சாச்சி. அந்தக்கா எறங்குனாங்களே, அப்பிடி."

"எறங்கிக் காட்டு."

அச்சக வாசலில் மூன்று படி. ஒரு ரீம் தாளைத் தலையில் வைத்துக்கொண்டு நான் இறங்கினேன், மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சார் படியில் உட்கார்ந்து வரைந்தார். கோடு கீழே போனது, அதன்மேல் ஆட்கள் அதற்கு எதிராகச் சாய்ந்து நின்றார்கள். வரைய வரைய அவர் முகம் மாறியது. "கோடு எறங்குது, ஆளு எறங்கல பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மீதியை இரண்டு பேரும் சேர்ந்தே கட்டினோம். சிவப்பு முக்கோணத்தைச் சார் விடவில்லை. அதன் கூர்முனையை மேலே திருப்பினார். மலையுச்சியில் ஒடுங்கித் தொடங்கி, கீழே வர வர அகலும் செம்மண் பாதையாக அது ஆகிவிட்டது. பாதை முடிகிற இடத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள், கையில் பேனா. மேல் மூலையில் பெரிய கறுப்பு வட்டம், அமாவாசை. அதன் பக்கத்தில் ஒரே ஒரு கோடு, மறுநாள். படிக்கத் தெரிந்தவர்களுக்காக அடியில் 'நேரில் வா'. ரஷ்யப் போஸ்டரில் உள்ள அத்தனையும் அதில் இருந்தன. ஆனால் அது எங்கள் மலைக்கு என்றே கட்டிய போஸ்டர்.

இந்த முறை கலியன் அண்ணன் ஒட்டுவதற்கு முன் தாளைச் சின்னபொண்ணுவிடம் நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, "அமாவாச. மறுநாளு. நாம எறங்கறோம். ஆபீசரு எழுதறாரு" என்றாராம். வட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாராம், அவ்வளவு பெரிய அமாவாசையை எங்கும் பார்த்ததில்லை என்று.

விசாரணை நாள் காலையில் நானும் சாரும் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றோம். வெகு நேரம் யாரும் வரவில்லை. வியாபாரியின் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு லாரி வந்தது, இன்னொன்று வந்தது. கைக்குழந்தையோடு, கோலோடு, கட்டுச்சோற்று மூட்டையோடு ஜனம் இறங்கியது. முன்னால் சின்னபொண்ணு.

வரிசையில் முதலில் நின்ற ஒரு பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து எங்கள் போஸ்டரை எட்டாக மடித்தது மடித்தபடி எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் அதிகாரி.

"நீங்க அனுப்புன கடுதாசிங்க. வரச் சொன்னீங்களே, வந்துட்டோம்."

அதிகாரி பிரித்துப் பார்த்தார். மேசையையும், பேனா பிடித்த ஆளையும், தன் கையிலிருந்த பேனாவையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, உன் பேரு சொல்லு" என்றார். சாயங்காலம் வரை பெயர்கள் எழுதப்பட்டன. சின்னபொண்ணுவின் முறை வந்தபோது எழுத்தர் புருஷன் பெயரைக் கேட்டார். "அவரு போயிட்டாருங்க. பயிரு வெக்கிறது நான். எம் பேர எழுதுங்க" என்றார். எழுதினார்கள்.

எல்லாம் ஜெயம் என்று சொல்லமாட்டேன். எட்டாத தூரத்தில் இருந்த இரண்டு ஊர்களுக்கு இரண்டாவது போஸ்டர் போய்ச் சேரவே இல்லை. அங்கே அந்தத் தலைதான் மரத்தில் இருந்தது. அவர்கள் வரவில்லை. "அது நான் பண்ணது" என்றார் சார். அதற்குப் பிறகு அந்த ஜனங்களுக்காக மனு மேல் மனுவாக எழுதி, தானே ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒரு ஊருக்கு அவர் காலத்திலேயே கிடைத்தது. இன்னொன்றுக்கு அவர் போன பிறகுதான்.

எனக்கு அதற்குப் பிறகும் நல்ல வேலைக்காலம். லினோ போய் ஆப்செட் வந்தது, பிலிம் வெட்டக் கற்றேன். கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றேன். எதன்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. எந்தக் கருவி வந்தாலும், ஓட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவரிடம் காட்டி "இதுல இன்னா தெரியுது" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்காரர், "நாங்க சொல்றத அச்சடி, ஊரக் கேக்கறதுக்கு நீ யாரு?" என்று சத்தம் போட்டார். கேட்டுவிட்டுத்தான் ஓட்டினேன். அவர் தோற்றுப்போனார், அதற்கு நான் பொறுப்பல்ல.

சின்னபொண்ணு அக்காவின் பட்டா சில வருடம் கழித்து வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நேரே அச்சகத்துக்கு வந்தார். "எம் பேரு எங்க கீது?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"வளைஞ்சி வளைஞ்சிக் கீதே. எட்ட இருந்து பாத்தா தெரியாதே. உன் போஸ்டரு எழுத்துல போட்டுக் குடு தங்கச்சி."

சார் அப்போது உயிரோடு இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து 'சின்னபொண்ணு' என்ற பெயரைச் சதுரம் சதுரமாகக் கட்டினோம். மூன்று சுழி 'ண' அதில் அழகாக உட்கார்ந்தது. ஒரு தகரத் தகட்டில் வெட்டி, சிவப்பு மையும் துணிப்பந்தும் கொடுத்து, மூட்டையின்மேல் வைத்து ஒற்றுவது எப்படி என்று காட்டி அனுப்பினேன்.

அதற்கடுத்த புளிக் காலத்தில் கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு ஏதோ வாங்கப் போயிருந்தேன். ஒரு மண்டி வாசலில் புளி மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பாக, ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்தே படிக்கிற மாதிரி, அந்தப் பெயர். மண்டிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாருய்யா இங்க சின்னபொண்ணு?"

"நாந்தான்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.